அம்மாவின் முட்டிவலியும் 'மூச்சைக் கவனி' ஆப்பும்: உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இது வேலைக்கு ஆகுதா?

ஏலமலை_மகன் (குமுளி)
ஞாயிறு, இரவு 9.40

எங்கம்மாவுக்கு 71 வயசு. முப்பத்தஞ்சு வருசம் ஏலத்தோட்டத்துல காய் எடுத்தவங்க. முதல்ல கம்பத்துல இருந்து தினம் ஜீப்புல ஏறி வந்துட்டு இருந்தாங்க, பிறகு குமுளியிலயே குடி வந்துட்டோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஏலக்காய் செடியோட தலையில காய்க்காது. அடித்தூர்ல, மண்ணை ஒட்டிச் சரம் விட்டுத்தான் காய்க்கும். அதை எடுக்கணும்னா குத்தவைக்கணும், இல்ல நாள் பூரா குனிஞ்சே நிக்கணும். அதுவும் சீசன்ல பாதி நாள் மழை. அப்ப கடன் வாங்குன முட்டியும் இடுப்பும் இப்ப வட்டியோட கேக்குது.

சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. வலி மாத்திரையத் தினமும் போட்டா கிட்னிக்கு ஆகாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டார். முறிவெண்ணெய் தடவி வெந்நி ஊத்துறது, ஆடி மாசம் கஞ்சி குடிக்கிறது எல்லாம் நடக்குது.

கொச்சியில வேலை பாக்குற என் மக போன மாசம் வந்தப்ப, அப்பத்தா போன்ல ஒரு ஆப்பைப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருச்சு. மைண்ட்ஃபுல்னெஸ்ஸாம். ஒரு பொம்பளக் குரல் மலையாளத்துல கண்ணை மூடச் சொல்லும், மூச்சைக் கவனிக்கச் சொல்லும். அம்மாவுக்கு மலையாளம் நல்லாவே தெரியும். மூணாம் நாள் என்கிட்ட கேட்டாங்க: "மூச்சு அதுபாட்டுக்குப் போய்ட்டு வருது. அதுக்கு நான் எதுக்குடா கங்காணி வேல பாக்கணும்?"

நாலாம் நாள் கேட்டுக்கிட்டே தூங்கிட்டாங்க. அது நல்லதா கெட்டதான்னும் தெரியல.

உண்மையிலேயே வயசானவங்களோட அன்றாட வலிக்கு இதுல ஏதாச்சும் இருக்கா? இல்ல ஏசி ரூம்ல வேலை பாக்குறவங்களுக்கான சமாச்சாரமா? வீட்டுல செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

தேனிக்காரன்77
ஞாயிறு, இரவு 10.05

தேஞ்ச முட்டியைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா தேயாத முட்டி ஆயிருமா? அம்மா கேட்ட கேள்விதான் கரெக்ட். ஆப்பை அழிச்சுட்டு நல்ல முட்டி உறை ஒண்ணு வாங்கிக் குடுங்க.

தசைநார் (செங்கோட்டை)
திங்கள், காலை 6.50

நான் பிசியோதெரபிஸ்ட். பாதிப் பேர் புளியரை, ஆரியங்காவு பக்கத்துல இருந்து வர்றவங்க, பெரும்பாலும் அறுபதைத் தாண்டினவங்க. தேனிக்காரன் சொல்றது ஒரு விதத்துல சரி. எந்தத் தியானமும் குருத்தெலும்பை வளர்க்காது, அப்படி எவனாவது சொன்னா காசைப் பத்திரமா வச்சுக்கோங்க.

ஆனா இந்த முறை வலியிலிருந்துதான் ஆரம்பிச்சது. 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில ஜான் கபாட்-ஜின் தொடங்கின வகுப்புக்கு மற்ற டாக்டர்கள் அனுப்பி வச்சதுல நிறையப் பேர், எதுக்கும் தீராத நாள்பட்ட வலிக்காரங்க. எட்டு வாரப் பாடம். வாரம் ஒரு வகுப்பு, வீட்டுல தினம் முக்கால் மணி நேரம். அவர் புத்த மரபுத் தியானத்தை எடுத்து, மதச் சொல்லைக் கழட்டி வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வந்தார்.

வயசானவங்ககிட்டத் தனியா செஞ்ச ஆய்வும் இருக்கு. பிட்ஸ்பர்க்ல 65 வயசுக்கு மேல, நாள்பட்ட இடுப்புவலி உள்ள 282 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு எட்டு வாரம் இந்தப் பயிற்சி, மறு பாதிக்கு ஆரோக்கிய வகுப்பு. 2016ல முடிவு வந்துச்சு. எட்டு வாரத்துல பயிற்சி எடுத்தவங்களுக்கு நடமாட்டம் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. ஆறு மாசத்துல பாத்தா அந்த வித்தியாசம் நிக்கல. ஆனா வலியோட அளவு மட்டும் அவங்களுக்கு ஓரளவு குறைஞ்சே இருந்தது. ஆக, வித்தை ஒண்ணும் இல்ல, வெறுங்கையும் இல்ல. கவனிங்க, அது இடுப்புவலி. முட்டித் தேய்மானத்துக்கு இந்த அளவுக்குச் சான்று கிடையாது. அதுக்கு முதல் மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்துறதுதான்.

ஒரு எச்சரிக்கை. பெரியவங்களை நின்னுக்கிட்டுக் கண்ணை மூட விடாதீங்க, சாஞ்சு விழுந்தா இடுப்பெலும்பு போயிரும். இளைப்பு இருக்கறவங்ககிட்ட மூச்சைக் கவனிக்கச் சொன்னா சிலருக்குப் பதற்றம்தான் கூடும். அவங்களுக்கு உள்ளங்கை, பாதம் போதும்.

லயத்துப்புள்ள (வண்டிப்பெரியாறு)
திங்கள், மதியம் 1.15

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரியுது. மன்னிச்சுக்கோங்க.

என் பாட்டி கொழுந்து எடுத்தவங்க. சரிவுல நின்னுக்கிட்டு, முதுகுல சாக்கு, எடை போடுற இடம் வரைக்கும் தூக்கிட்டு நடக்கணும். முதுகு வலிக்குதுன்னு எஸ்டேட் மருந்துக்கடைக்குப் போனா, காய்ச்சலுக்கும் அதே வெள்ளை மாத்திரை, முதுகுக்கும் அதே வெள்ளை மாத்திரை. "வயசாச்சுல்ல, பொறுத்துக்கோ"ன்னு அனுப்பிருவாங்க. வீட்டுக்கு வந்தா தாத்தாவும் அதே பொறுத்துக்கோ. அறுபது வருசமா பொறுத்துக்கிட்டவங்ககிட்ட இப்ப ஆப்புல வந்து "எதிர்க்காதே, ஏத்துக்கோ, சும்மா கவனி"ன்னு சொல்றீங்க. பொறுத்துக்கோன்றதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சிருக்காங்க, அவ்வளவுதானே?

வலியை ஏத்துக்கிறது பாட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. வலிக்குதுன்னு வாய் விட்டுச் சொல்றதுதான் அவங்களுக்குத் தெரியாது.

ஏலமலை_மகன் (குமுளி)
திங்கள், இரவு 8.30

லயத்துப்புள்ள, நீங்க எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்கம்மாவும் அப்படித்தான். "எப்பிடிம்மா இருக்கு"ன்னா "இருக்கு"ம்பாங்க. அதோட சரி.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்
திங்கள், இரவு 11.20

நண்பர்களே, இங்கே எல்லாரும் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நானே அந்தப் பெரியவன். வயது 74. பாலக்காட்டு எல்லையில் தமிழ்வழிப் பள்ளிகளில் கரும்பலகை முன் நின்றே ஆயுளைக் கழித்தவன். கீழ் இடுப்பில் வலி, இடது காலில் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் இடுப்பு பலகை போல் ஆகிவிடும். காற்றுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குக் காற்று வருவது இடுப்பில்தான் முதலில் தெரியும்.

எழுபது வயதில் கோவையில் இருக்கும் மகன் வற்புறுத்தி எட்டு வார வகுப்பு ஒன்றில் சேர்த்தான். முதல் இரண்டு வாரம் வலி கூடியது போலவே இருந்தது. ஐம்பது வருடமாக முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடிய ஒன்றை நின்று பார்த்தால் அப்படித்தான் இருக்கும். தரையில் படுத்துக் கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தை நகர்த்தச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம்! இருபதாவது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு நாற்காலியில் பத்து நிமிடம் என்று ஆக்கிக்கொண்டேன்.

என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒரே ஒரு இரவைச் சொல்கிறேன். மணி இரண்டு. வழக்கம்போல் வலி எழுப்பியது. வழக்கமாக அந்த நேரத்தில் என் தலையில் ஓடுவது இது: நாளை எழுந்திருக்க முடியாது, மருமகள்தான் எல்லாம் செய்ய வேண்டி வரும், என் அப்பா கடைசி இரண்டு வருடம் கிடந்தது போலக் கிடக்கப் போகிறேன். அன்றைக்கு எந்தப் புண்ணியமோ, வலி எங்கே இருக்கிறது என்று தேடினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். அதன் ஓரத்தில் வலி இல்லை, வெறும் இறுக்கம். நடுவில் விட்டுவிட்டு வருகிறது. வலி இல்லாத இடைவெளிகூட இருந்தது, அதுவரை நான் அதைக் கண்டதே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாள் என்னை எழுப்பி வைத்திருந்ததில் வலி கால் படி, கதை முக்கால் படி. அந்தக் கால் படி இன்னும் இருக்கிறது. மறைக்கவில்லை. முக்கால் படி சில இரவுகளில் வருவதில்லை, சில இரவுகளில் வழக்கம்போல் வந்துவிடுகிறது.

பாலிச் சூத்திரம் ஒன்றில் நகுலபிதா என்ற கிழவர் புத்தரிடம் போய், எனக்கு வயதாகிவிட்டது, உடம்பு ஓயாமல் நோகிறது என்று முறையிடுகிறார். உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாதிருக்கப் பழகு என்பதே அவருக்குக் கிடைத்த பதில். உடம்பு சரியாகிவிடும் என்று புத்தரும் சொல்லவில்லை.

லயத்துப்புள்ளைக்கு: உங்கள் கோபம் நியாயம். ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். பொறுத்துக்கொள்ளும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பார்க்காமல் இருந்தேன். இதில் பார்க்கிறேன். வெளியிலிருந்து இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். ஆனால் இதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாம், என் மகன் எனக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அது பொறுத்துக்கோ ஆகிவிடும்.

லயத்துப்புள்ள (வண்டிப்பெரியாறு)
செவ்வாய், காலை 7.10

வாத்தியாரய்யா, அந்தக் கடைசி ரெண்டு வரிக்கு நன்றி. அதை மட்டும் ஆப்புக்காரங்க முதல் பக்கத்துல போட்டா நல்லாயிருக்கும்.

களியக்காவிளை_அக்கா
செவ்வாய், மாலை 4.00

நான் பாறசாலை பக்கம் பாலியேட்டிவ் வாலண்டியரா போறேன், அதாவது தீராத நோயில கெடக்கவிய வீட்டுக்குப் போய் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கப் பாக்க வேலை. எங்க பக்கம் பாதி வீட்டுல தமிழு, பாதி வீட்டுல மலையாளம், பல வீட்டுல ரெண்டும் ஒரே வாக்கியத்துல கெடக்கும்.

1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட்டாளிகளும் ஆரம்பிச்சதுதான் இந்தப் பாலியேட்டிவ் வேலை. 2008ல கேரள அரசு அதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தாவ. இப்ப பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருவாவ. பல பேரு இது கேன்சருக்கு மட்டும்னு நெனைக்கியாவ. கெடப்புல இருக்க வயசானவியளுக்கும் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கவியளுக்கு 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, அதுலயும் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வாவ. கேட்டு வாங்குங்க.

நாங்க படிச்சப்ப வலிக்கு பூஜ்ஜியத்துல இருந்து பத்து வரை மார்க் போடச் சொல்லணும்னு சொல்லித்தந்தாவ. நம்ம அம்மாமாருகிட்ட அது நடக்காது மக்களே. "ஒண்ணுமில்ல மக்கா, ரெண்டு போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு எந்திரிக்கும்போ சுவரைப் பிடிப்பாவ. அதனால நான் இப்பல்லாம் வேற மாதிரி கேப்பேன்: "இந்த வலியால நேத்து எதைச் செய்யாம விட்டிய?" அப்ப வரும். கோயிலுக்குப் போகல, குளிக்கல, பேத்தியத் தூக்கல. ஒருத்தவ மூணு மாசமா தலைக்கு எண்ணெ வைக்கல, கை தூக்க முடியலைன்னு. மருமகளுக்கே தெரியாது.

கவனிக்கதுன்னா முதல்ல வீட்டுல இருக்கவிய அவியளைக் கவனிக்கணும். அதுக்கப்பறம் அவிய மூச்சைக் கவனிக்கலாம்.

தசைநார் (செங்கோட்டை)
செவ்வாய், இரவு 9.15

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். மார்க் வராது, ஆனா நம்மாளுங்ககிட்ட சொல்லு இருக்கு. வலின்னு ஒரே சொல்லையா நாம பேசுறோம்? குடையுது, கடுக்குது, உளையுது, இழுக்குது, குத்துது, சுருக்குங்குது, எரியுது, மரத்துப்போச்சு, பிடிச்சுக்கிச்சு, விண்விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொண்ணும் வேற வேற. பாதம் எரியுது, மரத்துப்போச்சுன்னா சுகர்ல நரம்பு பாதிச்சிருக்கான்னு பாப்பேன். சுருக்குன்னு இடுப்புல ஆரம்பிச்சுக் கால் வழியா இறங்குதுன்னா நரம்பு அழுந்துதான்னு பாப்பேன். காலையில எழுந்ததும் பிடிச்சுக்கிட்டு, நடக்க நடக்க விடுதுன்னா மூட்டு. முதல் தடவை வர்றவங்க எல்லாம் "வலிக்குதுய்யா"ன்னு மட்டும்தான் சொல்வாங்க. எங்கே, எப்போ, எந்தச் சொல்லுன்னு ஒரு வாரம் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புவேன். திரும்பி வரும்போது பாதி வைத்தியம் அவங்க வாயிலேயே இருக்கும். இதுக்கு ஆப் வேண்டாம், கண்ணை மூட வேண்டாம்.

இன்னொண்ணு, மனசுக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறவங்களுக்கு. வெறும் கற்பனை நிம்மதிதான்னு சொல்லிட முடியாது. 2016ல வந்த ஒரு ஆய்வுல, உடம்பே சுரக்கிற மார்பின் மாதிரிப் பொருள்களைத் தடுக்கிற நாலாக்சோன் மருந்தை ஏத்தின பிறகும் தியானம் பழகினவங்களுக்கு வலி குறைஞ்சது. அப்ப வேற ஏதோ வழியில வேலை நடக்குது. ஆனா அது நோயில்லாதவங்க தோல்ல சூடு வச்சுப் பாத்த ஆய்வு. முப்பத்தஞ்சு வருசம் ஏலக்காய் எடுத்த முட்டி இல்ல.

தேனிக்காரன்77
புதன், அதிகாலை 12.40

முதல்ல கிண்டல் பண்ணுனதுக்கு ஒரு காரணம் இருக்கு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

நாலு வருசம் முன்னாடி நான் இந்தத் தியான வகுப்புக்கெல்லாம் போய்ட்டு வந்து வீட்டுல எல்லாத்துக்கும் பாடம் எடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அப்பா இடது தோள்பட்டை உளையுதுன்னாரு. மாட்டுக்குப் புல் கட்டு தூக்குனாரு, அதான்னு நெனச்சேன். வாயுவா இருக்கும்னு அவரும் சொன்னாரு. நான் பக்கத்துல உக்காந்து "வலியோட சண்டை போடாதீங்க, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு அதைப் பாருங்க, போயிரும்"னேன். பாவம், மகன் சொல்றானேன்னு முக்கால் மணி நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. சட்டை பூராவும் வேர்வை. அம்மா வந்து பாத்துட்டுத்தான் சத்தம் போட்டுச்சு. ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வச்சாச்சு, இப்ப நல்லாருக்காரு. அந்த முக்கால் மணி நேரத்தை அவரு மறந்துட்டாரு. நான் மறக்கல.

தசைநார் (செங்கோட்டை)
புதன், காலை 6.30

இதை எழுதினதுக்கு நன்றி அண்ணா. சுகர் இருக்கற பெரியவங்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வரணும்னு இல்ல. தோள், தாடை, மேல் வயிறு, வெறும் வேர்வை, வெறும் அசதியாக்கூட வரும். புதுசா வந்த வலியை யாரும் உக்காந்து கவனிக்க வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்க. அதே மாதிரி விழுந்ததுக்கு அப்புறம் வந்த வலி, காய்ச்சலோட வர்றது, காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி படுத்தாலும் விடாம கூடிட்டே போறது, திடீர்னு கால் பலம் போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கட்டுப்பாடு போறது, எல்லாமே டாக்டர்கிட்ட. நாங்க பேசுறது டாக்டர் பாத்து, இதுதான்னு சொல்லி, வருசக்கணக்கா கூடவே இருக்கற பழைய வலியைப் பத்தி மட்டும்.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்
புதன், காலை 9.00

தேனிக்காரரே, உங்கள் அப்பா மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பாக்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஏலமலை_மகன் (குமுளி)
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.10

இழை கீழ போயிருச்சு, இருந்தாலும் நடந்ததச் சொல்லணும்ல.

ஆப்பை எடுத்தாச்சு. களியக்காவிளை அக்கா கேள்வியை அம்மாகிட்ட அப்படியே கேட்டேன். நேத்து எதைம்மா செய்யாம விட்டன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பின்வாசல் படி இறங்கி துளசிக்குத் தண்ணி ஊத்தல. உன் பொண்டாட்டி ஊத்துறா"ன்னாங்க. எத்தனை நாளான்னா, பொங்கலுக்கு முன்னாடி இருந்தாம். அந்த வாசல் வழியாத்தான் நான் தினமும் வண்டிய எடுக்குறேன்.

பிறகு தசைநார் சொன்ன மாதிரி, எங்க, எப்ப, எந்தச் சொல்லுன்னு ஒரு வாரம் பாரும்மான்னேன். இதுக்கு அவங்க கங்காணின்னு சொல்லல. மூணாம் நாளே வந்து, "ஏறும்போது அவ்வளவா இல்லடா. இறங்கும்போதுதான் கடுக்குது. அதுவும் வலது முட்டி. இடது சும்மா கூடச் சேந்து கத்துது"ன்னாங்க. இத்தனை வருசமா ரெண்டு முட்டியும் போச்சுன்னுதான் நானும் நெனச்சிருந்தேன், அவங்களும் நெனச்சிருந்தாங்க.

படிக்கு ஒரு பைப் கைப்பிடி வச்சாச்சு. ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில பிடிக்கணும்னு இங்க பிசியோ ஒருத்தர் சொன்னாரு, அம்மா இத்தனை நாள் அதே பக்கம் பிடிச்சுட்டு இருந்திருக்காங்க. நாற்காலில உக்காந்து காலை நீட்டி மடக்குற பயிற்சியும் குடுத்திருக்காரு. செய்றாங்க, என்னைத் திட்டிக்கிட்டே.

இன்னொண்ணும் நடந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க சின்னத் தோட்டத்துக் காயைத் தரம் பிரிக்கக் குடுத்தாங்க. அம்மா மேசை மேல முறத்த வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. எட்டு மில்லிமீட்டர் காய் ஒரு பக்கம், வெடிச்சது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். ரெண்டு மணி நேரம். முட்டி எப்பிடிம்மா இருக்குன்னு கேட்டேன். "இருந்துச்சு. அப்பப்ப வந்து எட்டிப் பாத்துச்சு. நான் காயப் பாத்துக்கிட்டு இருந்தேன்"னாங்க. வாத்தியாரய்யா, இது நீங்க சொன்னதுதானா, இல்ல வெறுமனே மறந்து இருக்கறதா?

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்
சனி, இரவு 10.45

மறந்திருந்தால் எட்டிப் பார்த்தது தெரிந்திருக்காது. அம்மா எனக்கு இரண்டு வகுப்பு மேலே இருக்கிறார். என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தேனிக்காரன்77
ஞாயிறு, காலை 7.20

அம்மா தரையில உக்காந்து எந்திரிக்கிறாங்களா, இல்ல கட்டிலா? கட்டில் ரொம்பத் தாழ்வா இருந்தா நாலு காலுக்கும் அடியில மரக்கட்டை குடுத்துத் தூக்கிருங்க. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் செஞ்சேன். கட்டை ஆடாம இருக்கணும், அதை மட்டும் பாத்துக்கங்க.

ஏலமலை_மகன் (குமுளி)
ஞாயிறு, காலை 8.05

தரையிலதான் படுக்கிறாங்க அண்ணே. கட்டில்ல தூக்கம் வராதாம். இன்னைக்குப் பேசிப் பாக்குறேன்.